கடையில் தடை... வீட்டில் பச்சை முட்டை மயோனைஸ் செய்யலாமா?

ஷவர்மாவுடனும் மோமோவுடனும் வரும் வெள்ளை மயோனைஸுக்கு மூன்று தென் மாநிலங்கள் அடுத்தடுத்து தடை போட்டன. முதலில் கேரளா, 2023 ஜனவரியில். அடுத்து தெலங்கானா, 2024 அக்டோபர் 30-ம் தேதி. ஹைதராபாத்தில் மோமோ சாப்பிட்ட பலர் உடல்நலம் பாதிக்கப்பட்டு, ஒரு பெண் உயிரிழந்த நேரம் அது. பிறகு தமிழ்நாடு, 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு. மூன்று தடைகளும் பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத்தான்.

"கடைலதானே பிரச்னை? நான் வீட்லயே ஃப்ரெஷ்ஷா செஞ்சுக்கிறேன்" என்று மிக்ஸியை எடுப்பவரா நீங்கள்? முட்டை ஒன்றுதான். ஆனால் உங்கள் கிச்சனுக்கு எந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் வரப்போவதில்லை. அதனால் ரிஸ்க் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே தெரிந்துகொள்வது நல்லது.

முட்டைக்குள்ள கிருமி எப்படிப் போகுது?

இரண்டு வழிகள். ஓட்டில் ஒட்டிய கோழி எச்சத்தில் இருக்கும் கிருமி, ஓட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே போகலாம். இன்னொரு வழி கொஞ்சம் சிக்கலானது. சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் என்ற பாக்டீரியா கோழியின் சினைப்பையிலேயே தங்கும். அப்போது ஓடு உருவாகும் முன்பே கிருமி உள்ளே வந்துவிடும். கோழியும் நோயாளி மாதிரி தெரியாது, முட்டையும் பளிச்சென்று இருக்கும்.

தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், முட்டை பழசா புதுசா என்பதை மட்டுமே சொல்லும். நாட்டுக்கோழி முட்டைக்கும் விலக்கு இல்லை.

சான்ஸ் எவ்வளவு?

1990-களில் அமெரிக்காவில் போட்ட மதிப்பீடு, 20,000 முட்டையில் ஒன்றில் இந்தக் கிருமி இருக்கலாம் என்றது. இது நம்மூர் விகிதம் அல்ல. ஆனால் ரிஸ்க் எப்படிக் கூடுகிறது என்று புரிந்துகொள்ள உதவும்.

வீட்டில் 2 முட்டை உடைத்தால் வாய்ப்பு 10,000-ல் ஒன்று. ஒரு ஹோட்டல் 100 முட்டையை ஒரே வாளியில் அடித்தால் 200-ல் ஒன்று. தினமும் அடித்தால் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மாட்டும். ஒரு முட்டை போதும், வாளி முழுக்கக் கிருமிதான். ஆக, வீட்டில் வாய்ப்பு குறைவு. ஆனால் பூஜ்ஜியம் இல்லை.

அடுத்தது நேரம். சாதகமான சூட்டில் சால்மோனெல்லா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு பாக்டீரியா 4 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும். மதியம் அடித்து, மாலை பார்ட்டி வரை டேபிளில் வைப்பதுதான் ஆபத்து. வினிகரும் எலுமிச்சையும் இந்த வேகத்தைக் குறைக்கும். ஆனால் 'புளிப்பா இருக்கு' என்று நாம் முதலில் குறைப்பதும் அதைத்தான்.

வெளிநாட்டு ரெசிபியில எல்லாம் பச்சையாதானே போடுறாங்க?

போடுகிறார்கள். அதன் பின்னணி வேறு. 1988 டிசம்பரில் பிரிட்டன் அமைச்சர் எட்வினா கர்ரி, நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சால்மோனெல்லா இருப்பதாகச் சொன்னார். முட்டை விற்பனை சரிந்தது, அவர் பதவியும் போனது. 1990-களின் பிற்பகுதியில் கோழிகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 2017-ல்தான், சிங்க முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை சொன்னது.

யூடியூபில் பார்க்கும் டிரமிசு ரெசிபி நம் கிச்சனுக்கு வந்துவிடும். அந்தத் தடுப்பூசியும் முத்திரையும் கூடவே வராது. தெருமுனைக் கடையில் நாம் வாங்குவது வெயிலில் அடுக்கிய அட்டையிலிருந்து எடுத்த முட்டை.

ஜிம் போறவங்க பச்சையா குடிச்சா புரோட்டீன் கூடுமா?

1998-ல் வெளியான ஒரு பெல்ஜிய ஆய்வின்படி, வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 91% செரிமானமாகிறது. பச்சை முட்டையில் சுமார் 51% மட்டுமே. ரிஸ்க்கும் எடுத்து, புரோட்டீனையும் பாதி இழக்கிறீர்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

• கால் கப் குளிர்ந்த பால், அரை கப் எண்ணெய், பூண்டு, உப்பு சேர்த்து பிளெண்டரில் அடியுங்கள். கெட்டியானதும் எலுமிச்சை சேருங்கள். முட்டையே இல்லாத மயோனைஸ் ரெடி.

• டிரமிசு, மூஸ் செய்யும்போது மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை கிளறுங்கள். கிச்சன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

• வாங்கி வந்ததும் முட்டையைக் கழுவி அடுக்காதீர்கள். ஈரம், கிருமியை நுண்துளை வழியாக உள்ளே இழுக்கும். கீறல் விட்டதைத் தூக்கிப் போடுங்கள்.

• ஹாஃப் பாயில், கலக்கி இரண்டும் பாதி வெந்தவைதான். 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இவை வேண்டாம். பச்சை முட்டை கூடவே கூடாது.

சாப்பிட்ட 6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி வரலாம். ஓஆர்எஸ் குடியுங்கள், நீங்களாக ஆன்டிபயாடிக் போடாதீர்கள். மலத்தில் ரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைவது, 3 நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு... இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் வயதில் இது பெரும்பாலும் நாலைந்து நாள் லீவோடு முடிந்துவிடும். ஆனால் நீங்கள் செய்த மயோனைஸை அதே டேபிளில் உட்கார்ந்து பாட்டியும் அக்கா குழந்தையும் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு அது ஐசியு வரை போகலாம். மிக்ஸியை ஆன் செய்யும் முன் யோசிக்க வேண்டியது அவர்களைத்தான்.