தேற்றாங்கொட்டையும் தெளிந்த நீரும்

கொள்ளிடத்தில் புதுவெள்ளம் வரும் நாள்களில் திருமானூர்க் கரையில் நின்று பார்த்தவர்கள் அந்நீரின் நிறத்தை மறக்கமாட்டார்கள். குழாய்நீர் வருவதற்கு முன்பு, ஆற்றங்கரை ஊர்களில் வாழ்ந்தோர் இத்தகைய நீரைத்தான் குடத்தில் மொண்டு சென்றனர். மண் கரைந்த நீரை அக்காலத்தவர் எவ்வாறு குடிநீராக்கினர்? இதற்கான விடைகளுள் ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது.

தேறுதல் என்றால் தெளிதல்; தேற்றுதல் என்றால் தெளியச் செய்தல். துயருற்றவரைத் தேற்றுகிறோம், கலங்கிய நீரையும் தேற்றுகிறோம். நீரைத் தேற்றும் விதையைத் தருவதால் அம்மரம் 'தேற்றா' எனப் பெயர் பெற்றது. இதன் பழம்பெயர் 'இல்லம்'. கலித்தொகையின் நெய்தற்கலியில், காதலனைப் பிரிந்து கலங்கிய பெண்ணொருத்தி தெளிவடைவதற்கு, இல்லத்தின் விதையால் கலத்து நீர் தெளிவது உவமையாகிறது. தெரிந்த ஒன்றைக் கொண்டு தெரியாததை விளக்குவதே உவமை. ஆகவே அக்காலத்திலேயே இது வீட்டு வழக்கமாக இருந்திருத்தல் வேண்டும் என்று கொள்ளலாம். வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதையும் நீரைத் தெளிவிக்கும் பொருள்களுள் இதனைக் 'கதகம்' என்ற பெயரால் குறிக்கிறது.

1795இல் வெளிவரத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் வில்லியம் ராக்ஸ்பர்க் இவ்வழக்கத்தை விவரித்துள்ளார். மெருகிடாத மண்கலத்தின் உட்புறத்தில் கொட்டையை நன்றாகத் தேய்த்து, நீரை ஊற்றி அசையாமல் வைத்தால், மண் அடியில் படிந்துவிடும். தாவரவியலார் இம்மரத்துக்கு இட்ட 'பொட்டடோரம்' என்னும் இலத்தீன் பெயருக்கு 'குடிப்போருக்குரியது' என்பது பொருள். எட்டி மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் எட்டிக்கொட்டையின் கொடிய நஞ்சு இதில் இல்லை.

இது செயற்படும் விதம் எளிது. விதையிலிருந்து கரையும் நீண்ட மூலக்கூறுகள் நுண்ணிய மண்துகள்களைப் பிணைத்துத் திரளச் செய்கின்றன. கனத்த திரள்கள் அடியில் தங்குகின்றன. முருங்கை விதையும் தன் புரதங்களால் இதே பணியைச் செய்கிறது.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. தெளிவு வேறு, தூய்மை வேறு. மண் படியும்போது கிருமிகளுள் ஒரு பகுதியும் உடன் படியலாம். எஞ்சியவை நோய் தரப் போதும். நீரில் கரைந்துவிட்ட நஞ்சோ கண்ணுக்கே தெரியாது. பாலாற்றுப் படுகையைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்ததைப் பற்றி 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது நினைவிருக்கலாம். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் போன்ற கரைந்த உலோகங்களை வெறுமனே படியவைத்து நீக்க இயலாது.

அவற்றை நீக்கும் வழிகளுள் ஒன்று பரப்புக்கவர்தல்: நஞ்சு ஒரு பொருளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள, நீர் மட்டும் கடந்து செல்லும். தேங்காய்ச் சிரட்டைக் கரி இதற்குப் பெயர்பெற்றது. அதன் எண்ணற்ற நுண்துளைகளே அதன் வலிமை. தேற்றா விதைத்தூளும் நீரிலுள்ள ஈயத்தை இவ்வாறு பற்றுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் அளந்த தூள், அளந்த நேரம், அளந்த அமிலத்தன்மை ஆகியவற்றோடு செய்யும் சோதனை வேறு. குடத்தில் கொட்டையை உரைப்பது வேறு.

முன்னோர் அறிவைப் போற்றுவோர் இவ்வேறுபாட்டையும் உணர்தல் வேண்டும். தேற்றா அவர்கள் காலத்துக் கலங்கலை நன்றாகவே தேற்றியது. நம் காலத்துக் கலங்கலோ பளிங்குபோல் தெளிந்த நீருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. கண்ணை நம்பிக் குடிக்காமல், தெளிந்த நீரைக் காய்ச்சியும், கரைந்த நஞ்சு உண்டோ எனச் சோதித்தும் குடிப்பதே அறிவுடைமை.