மணலில் எழுதிய விரல்

களப்பணிக்காக நான் அடிக்கடி போகும் ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. ஓய்வுபெற மூன்றே ஆண்டுகள் இருந்த ஆசிரியை அதைத் தொடவே பயந்தார். "எதையாவது அழுத்தி ரிப்பேர் ஆயிட்டா யாரு தம்பி பதில் சொல்றது?" என்றார். ஒரு மாதம் அது துணி போர்த்தியபடியே கிடந்தது. பிறகு ஒருநாள், வீட்டில் அண்ணனின் செல்போனை நோண்டிப் பழகிய ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் கூப்பிட்டு, "எனக்குச் சொல்லிக் கொடுடி" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மாணவர் ஆசிரியருக்கு வழிகாட்டியது சென்னைக்குப் புதிதல்ல. 1789இல் எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். ஒருநாள் குதிரைச் சவாரியில், தமிழ்ப் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். காகிதச் செலவு இல்லை, அழித்து அழித்து எழுதலாம். தன் பள்ளியிலும் இதைச் செய்யச் சொன்னார். கீழ்வகுப்பு ஆசிரியர் நடக்காது என்று மறுத்துவிட்டார். பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். 1797இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது.

இதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் ஒன்றைக் கேட்பதில்லை. அந்த மணல் பரப்பிய இடத்தில் யார் உட்கார முடிந்தது? திண்ணைப் பள்ளி ஊர்த்தெருவில் இருந்தது. அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைய விடாத சேரிப் பிள்ளைக்கு மணல்கூடக் கிடைக்கவில்லை. பூமியெங்கும் இலவசமாகக் கிடக்கும் மணல்!

நூறாண்டுக்கு மேல் கழிந்தது. மணலின் இடத்துக்குக் கரும்பலகை வந்தது. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில், ஒரு கணக்கைப் போட வரும்படி மாணவர் அம்பேத்கரை ஆசிரியர் பலகைக்கு அழைத்தார். உடனே சாதி இந்துப் பிள்ளைகள் ஓடினார்கள். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று அவற்றை அள்ளி எடுத்த பிறகே அவரால் பலகையை நெருங்க முடிந்தது.

நமக்கென்று பள்ளிகள் தனியாகத்தான் வர வேண்டியிருந்தது. 1894இல் அடையாறு பகுதியில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920இல் சென்னை மாகாண அரசு, ஒடுக்கப்பட்டோர் நலனைத் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைத்தது. அத்துறை திறந்த பள்ளிகளின் வழியில் வந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்.

2011இல் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தபோது, எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. 2020 ஊரடங்கில் கல்வித் தொலைக்காட்சியும் செல்போனும் வகுப்பறை ஆயின. வீட்டுக்கு ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் அன்றைக்குப் பாடம் இல்லை.

இன்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று கற்றுத் தருகிறார்கள். கணினி அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, அந்த அறையைக் கூட்டச் சொல்வது யாரை, விசைப்பலகையில் உட்காரச் சொல்வது யாரை என்ற பாடமும் அந்தப் பயிற்சியில் இருக்க வேண்டும். தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த செய்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அந்த ஆசிரியை இப்போது வருகைப் பதிவேட்டு வரிசைப்படி தினமும் ஐந்து பேரைப் போர்டில் எழுத அழைக்கிறார். கடைசி பெஞ்சுக்கும் முறை வருகிறது. போர்டு முழுக்க விரல் ரேகை. "துடைக்கலையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி, பசங்க கைதானே" என்றார்.