மவுண்ட் ரோட்டுப் பெருங்கடையும் நாம் கற்கவேண்டிய பாடமும்

நமது குல சகோதரர்களிற் கடை வைத்து ஜீவிப்போர் பலர். முதல் மிகுந்தால் கடை தானே பெரிதாகும் என்று எண்ணுவோரும் அவர்களுள் உளர். அவ்வெண்ணம் முழுதும் மெய்யன்று என்பதற்குச் சென்னை ஸ்பென்ஸர் கம்பெனியின் சரித்திரமே தக்க சான்றாகும்.

1863-64ஆம் ஆண்டுகளில் சார்லஸ் டியூரண்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்ஸர் என்னும் இருவர் மவுண்ட் ரோட்டில், அஃதாவது இக்காலத்து அண்ணா சாலையில், இக்கடையைத் தொடங்கினர். பின்னர் அது யூஜின் ஓக்ஷாட் என்பவர் வசமாயிற்று. கடையை வாங்கியவர் பழைய பலகையைக் கழற்றித் தம் பெயரைப் பொறிப்பது உலக வழக்கம். ஓக்ஷாட்டோ அவ்வாறு செய்தாரில்லை. வாடிக்கைக்காரர் நம்பி வந்தது ஸ்பென்ஸர் என்னும் பெயரையே ஆதலின், அதனையே அவர் காத்தார்.

1891இல் அருகிலிருந்த கன்னிமரா ஓட்டலையும் ஒன்பது ஏக்கர் நிலத்தையும் அவர் வாங்கினார். 1895இல் போக்சன் என்னும் சிற்பியார் வகுத்த இந்தோ-சாரசெனிக் மாளிகையில் கடை குடிபுகுந்தது. அதனுள் எண்பதுக்கு மேற்பட்ட பகுதிகள் இருந்தன.

நிற்க. இத்தனை பகுதிகளை ஒரே கூரையின்கீழ் நடத்தும் சூட்சுமம் யாது? மளிகை நாள்தோறும் ஆட்களை அழைத்து வரும். ஆனால் லாபம் சொற்பம். உயர்தரப் பண்டம் மிகுந்த லாபம் தரும். ஆனால் மாதக்கணக்கில் விலைபோகாது முதலை முடக்கும். ஒன்று மற்றொன்றைத் தாங்குமாறு அமைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனிக்கணக்கு வைத்தாலன்றி நஷ்டம் எங்குள்ளதென்பது முதலாளிக்கே புலப்படாது. ஸ்பென்ஸர் கம்பெனியார் பிறர் சரக்கை மாத்திரம் நம்பியிருந்தாரல்லர். திண்டுக்கல்லிற் சொந்தமாகச் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தினர். ரயில்வே சிற்றுண்டிச்சாலைகளையும் ஏற்றனர்.

1947க்குப் பின் பழைய ஆங்கிலேய வாடிக்கை அருகியது. 1983இல் மாளிகை தீக்கிரையாயிற்று. 1989இல் கம்பெனி கோயங்கா குழுமத்தாரிடம் சேர்ந்தது. 1991இல் அவ்விடத்தே புதுக்கட்டடம் எழுந்தபோது அதற்கு இடப்பட்ட பெயர் ஸ்பென்ஸர் பிளாஸா என்பதே. கல்லும் மரமும் எரிந்தன, பெயர் எரியவில்லை.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்வராயன் மலைத் தேனும் கடுக்காயும் புளியும் நம் சந்தைக்கு வருகின்றன. உயர்தரக் கடைக்கு ஏற்ற பண்டம் நம்மிடம் இல்லை என்று சொல்லுதற்கில்லை. குறை வேறிடத்தது. தந்தை கண்மூடியதும் புதல்வர் மூவர் பாகம் பிரித்து, ஒரு கடையை மூன்றாக்கி, எதிரெதிரே மூன்று பலகை தொங்கவிடுகின்றனர். ஒருவர் விலையை மற்றவர் குறைக்க, மூவரும் மெலிகின்றனர். முப்பது ஆண்டு தந்தை ஈட்டிய நற்பெயரை எந்தப் பாகத்தில் எழுதுவது என்று ஒருவரும் கேட்பதில்லை.

சகோதரர்களே! நிலத்தைப் பங்கிடலாம், நகையைப் பங்கிடலாம், கடையின் பெயரைப் பங்கிடலாகாது. லாபத்தைக் கணக்கிட்டுப் பிரித்துக்கொண்டு, கடையை ஒன்றாக வைத்திருங்கள். அயலார் ஒருவர் பிறர் பெயரைக் காத்து வாழ்ந்தார். நம் தந்தையர் பெயரை நாம் காத்தல் அரிதோ?