'தெற்கு' வெறும் திசையல்ல

அமெரிக்காவின் மிகப்பெரிய புராட்டஸ்டண்ட் சபை அமைப்புக்குப் பெயர் 'சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன்'. அதாவது, தெற்கத்திய பாப்டிஸ்ட் பேரவை. கேட்டால் வட்டாரப் பெயர் போலத்தான் இருக்கும். அந்தத் 'தெற்கு' எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டாக வேண்டும்.

1814 முதல் இரு பகுதி பாப்டிஸ்ட்களும் சேர்ந்தே மிஷனரிகளை அனுப்பினார்கள். அடிமை முறை பற்றி வாய் திறக்காததையே 'நடுநிலை' என்றார்கள். அதில் வடக்குக்கும் பங்குண்டு. 1844இல் ஜார்ஜியா பாப்டிஸ்ட்கள், அடிமைகளை வைத்திருந்த ஜேம்ஸ் ரீவ் என்பவரை மிஷனரியாக்கச் சொன்னார்கள். உள்நாட்டு மிஷன் சங்கம் ஏற்கவில்லை. அடிமைகளைச் சொத்தாக வைத்திருப்பேன் என்பவரை நியமிக்க மாட்டோம் என்று வெளிநாட்டு மிஷன் குழுவும் அலபாமாவுக்குப் பதில் எழுதியது. 1845 மே மாதம், அகஸ்டா நகரில் தெற்கத்தியர்கள் தனி அமைப்பு கண்டார்கள்.

இரு தரப்புக்கும் ஒரே வேதம், ஒரே முழுக்கு ஞானஸ்நானம். பிரித்தது மனிதரைச் சொத்தாக வைத்திருக்கும் 'உரிமை'. அதற்குச் சூட்டிய நாகரிகமான பெயர்தான் 'தெற்கு'.

வெள்ளையர் சபைகளில் தனி இருக்கையில் உட்கார வைக்கப்பட்ட கறுப்பின மக்கள், விடுதலைக்குப் பின் கூட்டங்கூட்டமாக வெளியேறித் தங்கள் சபைகளைக் கட்டினார்கள். 1895இல் அட்லாண்டாவில் ஒன்றுகூடி அவர்கள் சூட்டிய பெயர், 'நேஷனல் பாப்டிஸ்ட் கன்வென்ஷன்'. ஒதுக்கப்பட்டவர்கள் ஒரு மூலையின் பெயரை ஏற்கவில்லை. தேசத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

'நார்தர்ன் பாப்டிஸ்ட்' என்றிருந்த வடக்கு அமைப்பு, 1950இல் 'அமெரிக்கன் பாப்டிஸ்ட்' ஆனது. தெற்கு அமைப்பு அடிமை முறையில் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்க 1995 வரை, 150 ஆண்டுகள் ஆயின. 2012இல்தான் முதல் கறுப்பினத் தலைவராக ஃபிரெட் லூட்டர் தேர்வானார். விரும்பும் சபைகள் 'கிரேட் கமிஷன் பாப்டிஸ்ட்' என்று சொல்லிக்கொள்ளவும் அதே ஆண்டு அனுமதி கிடைத்தது. சட்டப்படியான பெயர் மட்டும் மாறவில்லை.

நம் மண்ணுக்கும் இது புதிதல்ல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிக்காகச் சுவர் நின்றது, 1910இல் இடிக்கப்பட்டது. இன்றும் 'எங்க ஊர் வழக்கம்', 'எங்க பகுதி சபை' என்ற சொற்களுக்குள் சாதி பதுங்கிக்கொள்கிறது. எனவே தோழர்களே, ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தால் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: இந்தப் பெயர் எந்தச் சண்டையில் பிறந்தது? அந்தச் சண்டையில் யார் சொத்தாக்கப்பட்டார்கள்?