கிறக்கற்றோவாவும் கீழ்க்கரையும்

கல்முனைக் கரையோரத்தில் எரிமலை எதுவும் இல்லை. ஆயினும், எரிமலையின் வரலாறு இக்கரைக்குப் புறம்பானதன்று. 1883 ஆகஸ்ட் 27இல் சுந்தா நீரிணையிலுள்ள கிறக்கற்றோவா வெடித்துச் சிதறியது. அதனால் எழுந்த பேரலைகளுக்கு யாவா, சுமாத்திரா கரைகளில் 36,000க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அவ்வலைகள் இந்துமாகடலைக் கடந்து இலங்கையையும் எட்டின. இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் பாணமையில் ஓர் உயிர் பலியானதாகப் பதிவுண்டு.

அவ்வெடிப்பின் காரணத்தை அறிய, மக்மா எனப்படும் பாறைக்குழம்பின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும். புவியோட்டின் கீழுள்ள இடைப்படை, பலர் கருதுவதுபோல் உருகிய குழம்பன்று. அது பெரும்பாலும் திண்மப் பாறையே. சுந்தா ஆழியில் இந்துமாகடலின் அடித்தகடு மெல்ல அமிழ்கின்றது. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்தில், அதன் கனியங்களில் அடங்கிய நீர் வெளியேறி மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கின்றது. பாறையின் ஒரு பகுதி உருகி மேலெழுகின்றது.

மேலெழும் குழம்பு ஓட்டினுள் தேங்கிக் குளிருங்கால், சிலிக்கா குறைந்த கனியங்களே முதலிற் பளிங்காகிப் பிரிகின்றன. எஞ்சிய குழம்பில் சிலிக்கா மிகுகின்றது; ஆறும் பாகுபோல் அது இறுகுகின்றது. உள்ளடங்கிய வாயுக்கள் வெளியேற வழியின்றி அமுக்கம் பெருகுகின்றது. 1883இல் வெளிப்பட்ட குழம்பு இத்தகையதே. 1927இல் அவ்விடத்தே தோன்றிய அனாக் கிறக்கற்றோவாவின் குழம்போ சிலிக்கா குறைந்தது. கீழிருந்து அடிக்கடி புதுக்குழம்பு வந்து சேர்வதால், அது நெடிது தேங்கி மாறுதற்கு வாய்ப்புக் குறைவு. ஆதலின் அது சிறிது சிறிதாய் அடிக்கடி கக்குகின்றது.

அடிக்கடி கக்கும் எரிமலை ஆபத்தற்றது எனக் கொள்வதும் தவறு. கக்கிய பொருள் குவிந்து செங்குத்தாக உயர்ந்த மலையின் ஒரு பக்கம் 2018 டிசெம்பர் 22இல் கடலுட் சரிந்தது; 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2004 டிசெம்பர் 26இல் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களை அழித்த ஆழிப்பேரலைக்கு எரிமலை காரணமன்று. அதே அமிழ்தற் பகுதியின் வடபாலில், சிக்குண்டிருந்த தகடுகள் திடீரென நழுவியமையே காரணம். காரணங்கள் வேறாயினும் அவற்றின் மூலம் ஒன்றே. ஆனால் எச்சரிக்கை முறைகள் பெரிதும் நிலநடுக்கத்தையே நம்பியுள்ளன. 2018இலோ பெரும் நிலநடுக்கம் எதுவுமின்றியே அலை வந்தது. உரிய எச்சரிக்கை கிடைக்கவில்லை. 2004ஐ மட்டும் நினைவிற் கொண்டு 1883ஐ மறக்கும் கரை, ஆபத்தின் ஒரு பாதியையே அறிந்ததாகும்.