கிளார்க்

போன மாதம் என் மேஜை டிராயரில் ஒரு கவிதைப் புத்தகத்தைப் பார்த்துவிட்ட மேலதிகாரி, ‘கிளார்க்குக்கு எதற்கு ஸார் இதெல்லாம்?’ என்றார். சொல்லின் சரித்திரம் அவருக்கு எதிராக இருக்கிறது.

கிறிஸ்தவ குருமாரைக் குறித்த லத்தீன் ‘கிளெரிகஸ்’தான் கிளார்க். மத்தியகால இங்கிலாந்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குருமார்கள். ஆகவே வாசிக்கத் தெரிந்தவனெல்லாம் கிளார்க் ஆனான். குருமார்களை அரசனின் நீதிமன்றம் தூக்கிலிட முடியாது. நாளடைவில் அந்தச் சலுகை, மரணதண்டனைக்குரிய பல குற்றங்களில், பைபிள் வசனமொன்றை வாசித்துக்காட்டிய எவனுக்கும் கிடைத்தது. வழக்கமாகக் கொடுத்தது 51ஆம் சங்கீதத்தின் தொடக்கம். ‘கழுத்து வசனம்’ என்றே அதற்குப் பெயர். வாசிக்கத் தெரியாத கெட்டிக்காரர்கள் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார்கள். 1598இல் வாள்சண்டையில் ஒரு நடிகனைக் கொன்ற பென் ஜான்சன் இப்படித்தான் உயிர் தப்பினார். மறுமுறையும் சலுகை கேட்டுவிடாதிருக்கக் கட்டைவிரலில் சூடு போட்டார்கள். (எங்கள் கவுண்டரில் கட்டைவிரல், வாசிக்கத் தெரியாதவரின் அடையாளம்.)

1827இல் சலுகையை ஒழித்தார்கள். அதற்குள் சொல் பேரேட்டுக்கு இறங்கிவிட்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 33 வருஷம் கிளார்க்காக இருந்து 1825இல் ஓய்வுபெற்றவர் சார்லஸ் லாம். அதே 1827இல் தன்னைப் பற்றி எழுதிய சிறு குறிப்பில், தன் உண்மையான படைப்புகள் கம்பெனி அலமாரிகளில் சுமார் நூறு பேரேடுகளை நிரப்பிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்.