பேரேடும் மாலையும்: நகரத்தார் வட்டிக்கடையில் ஊர்க் கட்டுப்பாடு

எங்கள் கொல்லங்கோட்டில் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. குறி சேர்ந்தாலும் சீட்டுப் போட்டாலும் பெரியவங்க முதலில் கேட்பது, "ஆள் யாரு, எந்த வீடு?" என்பதுதான். வங்கி நிர்வாகம் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வியே நினைவுக்கு வருகிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் கடல் கடந்து நடத்திய கொடுக்கல் வாங்கல் இதன்மேல்தான் நின்றது.

முதலாளி செட்டிநாட்டில், கடையோ இரங்கூனில், பினாங்கில், சிங்கப்பூரில். கப்பலில் கடிதம் போய்ச் சேரவே நாளாகும். அப்படியிருக்கப் பணம் எப்படிப் பத்திரமாக இருந்தது?

விடை ஊர் வழக்கத்தில் இருக்கிறது. பெட்டியடிப் பையனாக நுழைந்தவர் கணக்குப் பழகி, அடுத்தாளாகி, பிறகே மேலாள் ஆவார். பொதுவாக மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைக்கும். குடும்பம் ஊரிலேயே இருக்கும். தவணை முடிந்ததும் பேரேட்டையும் பெட்டியையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துத் திரும்ப வேண்டும். கணக்கில் கைவைத்தவருக்கு வேறு கடையில் வேலை கிடைப்பது அரிது. பெண் கொடுக்கவும் யோசிப்பாங்க. கல்யாணத்துக்கு நகரக் கோயில் மாலை வரவேண்டுமே! ஒன்பது நகரக் கோயில்களும் இவ்வாறு தணிக்கைக்குத் துணை நின்றன எனலாம். இரங்கூனில் நடப்பு வட்டியையும் கோயிலில் கூடித்தான் முடிவு செய்தார்கள்.

ஆனால் இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு குறையும் உண்டு. அது மேலாளைக் கவனித்தது. கடன் வாங்கிய பர்மிய உழவரின் நிலையைக் கவனிக்கவில்லை. எல்லாக் கடைகளும் ஒரே நெல் நிலத்தையே ஈடாக நம்பின. 1930இல் நெல் விலை சரிந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அந்த ஆண்டு சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நில உடைமை, 1937க்குள் ஏறக்குறைய 25 சதவீதமாயிற்று. விரும்பி வாங்கிய நிலமல்ல. வராக் கடனுக்கு ஈடாக வந்தது. உழவரின் மனக்கசப்பும் கூடவே வந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் எனத் தொழிலே குலைந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நாமும் சொந்தபந்தத்தை நம்பியே சீட்டுப் பிடிக்கிறோம். "ஆள் யாரு?" என்று கேட்பது நல்லதே. ஆனால் "பணம் எங்கே போகிறது, யாரைப் பாதிக்கிறது?" என்றும் கேட்கப் பழகுவோம். முதல் கேள்வியில் தேறியவர்கள் இரண்டாவதைக் கேட்காமல் இழந்ததே பர்மா கற்றுத்தரும் பாடம்.